நோட்டில் இல்லாத வசனம்

காலை ஆறே முக்காலுக்கு ரெமிஜியஸின் போனில் நான்கு வாய்ஸ் மெசேஜ்கள் வந்து விழுந்தன. மௌரீன் போனைத் தொடவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் அவள் சாப்பாட்டு மேசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள். அந்த வேலை நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் கணவர் ரெமிஜியஸ் ஒரு கன்னட சீரியலில் நடிக்கிறார். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. எழுத்துப் பிரதியும் படப்பிடிப்புத் தளத்தை விட்டு வெளியே வராது. அதனால் உதவி இயக்குநர் தாரணி அன்றைய வசனங்களைத் தானே பேசிப் பதிவு செய்து காலையிலேயே அனுப்பிவிடுவாள். மௌரீன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தமிழ் எழுத்தில் நோட்டில் இறக்குவாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. குரல் தணிய வேண்டிய இடத்தில் அடியில் ஒரு புள்ளி. அழுகை வரக் கூடாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அவர் குளித்துவிட்டு வரும்போது இட்லியும் வசனமும் ஒரே மேசையில் தயாராக இருக்கும். இப்போது ஓடுவது நான்காவது நோட்டு.

இன்று நோட்டு மூடிக் கிடந்தது. இட்லிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

ரெமிஜியஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்ன மௌரீன், தாரணி அனுப்பிட்டா போல இருக்கே... எழுதலையா?"

"செத்தவ எப்படிங்க எழுதுவா?"

அவர் கையில் துண்டு அப்படியே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி நடித்திருந்தாலாவது கொஞ்சம் கோபம் குறைந்திருக்கும்.

நடந்தது இதுதான். நேற்று வியாழக்கிழமை. விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்து வெளியே வந்தவளை மெழுகுவர்த்திக் கடை பாமா கையைப் பிடித்து நிறுத்தினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நல்லாத்தானே இருக்கீங்க அக்கா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்துக் காட்டினாள்.

சீரியல் ஓடுவது சாயங்காலம் ஏழு மணிக்கு. மௌரீன் ஆறிலிருந்து எட்டு வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பவள். எழுதிக் கொடுத்தாளே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பாமாவின் போனில்தான் முதல்முறையாகப் பார்த்தாள். கதையில் ரெமிஜியஸ் மனைவியை இழந்த பெரியவர், பெயர் சங்கரப்பா. அவருக்கு இடது பக்கச் சுவரில் பெரிய படம். படத்துக்குச் சந்தன மாலை. மேலே சின்னச் சிவப்பு பல்பு. படத்தில் இருந்தது மௌரீன்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய மௌரீன். நெற்றியில் கம்ப்யூட்டரில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கழுத்தில் அவள் அம்மா போட்டு அனுப்பிய சிலுவைச் சங்கிலி இருந்த இடத்தில் வெறும் தோல்.

அதுகூடப் பெரிதில்லை. படத்தைப் பார்த்து ரெமிஜியஸ் கன்னடத்தில் பேசினார். கண் கலங்க, குரல் ஒரு இடத்திலும் உடையாமல், மிக நன்றாகப் பேசினார். பாமா அழுதுவிட்டாள்.

"அம்மாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு எல்லாருக்கும் நன்றி சொன்னேன். உன் பேர மட்டும் விட்டுட்டேன்."

அது சங்கரப்பாவின் வசனம் இல்லை. அது மௌரீனுடைய காயம்.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரெமிஜியஸ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் வருடத்துக்கு இரண்டு நாடகம் போடுவார்கள். கிழவன் வேஷக்காரருக்கு நைட் ஷிஃப்ட் விழுந்துவிட்ட ஒரு வருடம், பத்தொன்பது வயசு ரெமிஜியஸுக்குத் தாடியை ஒட்டி மேடையில் தள்ளினார்கள். அன்றிலிருந்து அவர் கிழவர்தான். பிறகு சினிமா. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வரும் டாக்டர், தீர்ப்பு வாசிக்கும் நீதிபதி, மண்டபத்தில் துண்டைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெண்ணின் அப்பா. முப்பது படம் இருக்கும், படத்துக்கு ஒரு காட்சி. பஸ்ஸில் ஆட்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெயர் வராது. "சார், நீங்க இன்சூரன்ஸ்ல இருந்தீங்கல்ல?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

மேடை நாட்களில் அவருக்கு ப்ராம்ப்டர் மௌரீன். ப்ராம்ப்டர் என்றால் முழு வசனத்தையும் ஓதுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓதினால் நடிகன் கெட்டுப்போவான். மேடையின் இடது ஓரம் திரைக்குப் பின்னால் பிரதியோடு நிற்க வேண்டும். நடிகன் தடுமாறப் போகிறான் என்பதை அவன் தடுமாறுவதற்கு அரை நொடி முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும், மீதியை அவன் பிடித்துக்கொள்வான். ரெமிஜியஸின் வலது தோள் லேசாக ஏறினால் வசனம் மறந்துவிட்டது என்று அர்த்தம். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் மௌரீன்.

தொண்ணூற்று மூன்றில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ரெமிஜியஸின் அக்கா பிரிஸில்லா அப்போது கோலாரில் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. அவள் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அம்மாவின் தலையைத் தடவிவிட்டுப் போவாள். மௌரீன் தன் கான்வென்ட் வேலையை விட்டாள், நாடகத்தை விட்டாள். ஒன்பது வருடம் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டினாள். ஒரு படுக்கைப் புண் வரவில்லை. எப்படி என்று டாக்டரே கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிவிடணும் டாக்டர், கடிகாரத்தில் அலாரம் வச்சிருக்கேன் என்றாள்.

இரண்டாயிரத்து இரண்டில் அடக்கம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியில் மண் போட்டு முடிந்ததும் வீட்டு ஆள் ஒருவர் நின்று வந்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். ரெமிஜியஸ் சொன்னார். டாக்டர், பங்குத் தந்தை, சவப்பெட்டி தூக்கிய நண்பர்கள். "அம்மாவுக்காகவே வாழ்ந்த என் அக்கா பிரிஸில்லா" என்றும் சொன்னார். மௌரீன் பெயர் வரவில்லை. பெட்டி போன பிறகு அறையைக் கழுவிவிட ஒருவர் வேண்டுமென்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்த சொந்தக்காரர்கள்தான் பேச்சுவாக்கில் சொன்னார்கள், பிரிஸில்லாவைப் பற்றி ரெமி என்ன அழகாகச் சொன்னான் என்று. அன்று அவள் கேட்கவில்லை. மறுநாள் கேட்கவில்லை. இருபத்து மூன்று வருடம் கேட்கவில்லை.

இப்போது அதே வரி ஏழு மணிக்கு, விளம்பர இடைவேளைக்கு முன்னால் வந்துவிட்டது.

"யாரு எழுதினது அது?" என்று கேட்டாள். நான்கு நோட்டையும் மேசையில் போட்டாள். "நேத்து ஒவ்வொரு பக்கமாப் பார்த்தேன். நீங்க பேசின ஒவ்வொரு வார்த்தையும் என் கையெழுத்துல இருக்கு. படத்துகிட்ட பேசினது ஒரு வரி இல்ல. எனக்குத் தெரியாம வேற யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. என் கதைய அவங்ககிட்ட யாரு சொன்னது?"

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். வலது தோள் ஏறியது. கண் இடது பக்கம் போயிற்று, அங்கே ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

"பாருங்க, இப்பவும் எங்கயோ பாக்குறீங்க."

முன்னறையிலிருந்து பிரிஸில்லா வந்தாள். பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். காபி இன்னும் வராத எரிச்சல் அவள் நடையில் இருந்தது. "காலங்காத்தால என்ன? நடிப்புன்னா நூறு இருக்கும். அவன் எத்தனை படத்துல செத்திருக்கான், நீ ஏதாவது சொன்னியா? சுவத்துல மாட்டுற மாதிரி முகம் இருக்கேன்னு சந்தோஷப்படுவியா..."

"அப்ப உங்க படத்தக் குடுத்திருக்கலாமே அக்கா. அம்மாவுக்காகவே வாழ்ந்தவங்க நீங்கதானே."

பிரிஸில்லா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த வரியை மௌரீன் இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் கேபுக்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் சோஃபியா தலையை நீட்டினாள். "டாடி, சாரி சொல்லிருங்க டாடி. மம்மி இட்லி ஊத்தாதது என் லைஃப்ல இதுதான் ஃபர்ஸ்ட்."

"சாரியெல்லாம் வேணாம்," என்றாள் மௌரீன். "இன்னைக்கு அந்தப் படம் இறங்கணும்."

ரெமிஜியஸ் மெல்லச் சொன்னார். படம் இறங்கினால் தன் பாத்திரமும் இறங்கிவிடும். சங்கரப்பாவை முப்பதாவது எபிசோடிலேயே கொன்றுவிடுவதாக இருந்தார்கள். படத்தோடு பேசும் காட்சிக்கு நல்ல பெயர் வந்ததால்தான் வைத்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக நேற்று பஸ்ஸில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ரெமிஜியஸ் என்று.

"உங்களுக்குப் பேர் வர்றதுக்கு நான் சாகணுமா?"

அவர் கிளம்பினார். வசனம் இல்லாமல்.

பத்து மணிக்கு மௌரீன் புடவை மாற்றினாள். பஸ்ஸில் மெஜஸ்டிக், அங்கிருந்து மெட்ரோவில் பீன்யா. மூடிப்போன ஒரு மெஷின் ஷாப்பைத்தான் படப்பிடிப்புத் தளமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே சங்கரப்பாவின் வீடு. முன்னால் பார்த்தால் பிள்ளையார் மாடமும் பித்தளை விளக்கும் வைத்த நல்ல நடுத்தர வீடு. பின்னால் போனால் ப்ளைவுட். சுவர் விழாமல் இருக்க முட்டுக்கொடுத்த கட்டைகள், கட்டைகளின் காலில் மணல் மூட்டை, ஒயர்கள், டீ குடித்த பேப்பர் கப்புகள். மௌரீன் பின்பக்கமாகத்தான் வந்தாள். சுவரைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அரை அங்குலம் நீட்டியிருந்த ஒரு ஆணி முனையைப் பார்த்தாள். தன் படம் தொங்குவது இதில்தான் என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை.

முன்னால் வந்தாள். லைட் போட்டிருந்தார்கள். ரெமிஜியஸ் படத்தின் எதிரே நின்றிருந்தார். மௌரீன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையும் சிவப்பு பல்புமாகப் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டைரக்டர் ஷெர்வின் மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். மங்களூர்க்காரர். கன்னடத்தில் ஆரம்பித்தவர் அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "மேடம், ப்ளீஸ். தொண்ணூத்தாறு எபிசோட்ல அந்தப் படம் அங்க இருக்கு. கன்டின்யூட்டி..."

"கன்டின்யூட்டி எனக்குத் தெரியும் சார். இவர் எந்தச் சீன்ல எந்தச் சட்டை, எத்தனை பட்டன்னு எழுதி வச்சுத் துவைச்சுக் குடுக்கிறவ நான். உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டிருக்கீங்களே, அது எந்தக் கன்டின்யூட்டி? இந்த வசனத்த எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

தாரணிதான் கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டி நீட்டினாள். கன்னடம் படிக்க மௌரீனுக்குத் தெரியும், பள்ளியில் படித்தவள். காட்சி எண், இடம், நேரம். கீழே ஒரே வரி: சங்கரப்பா படத்துடன் பேசுகிறார். அதன் கீழே பக்கம் வெள்ளையாக இருந்தது. முன்னால் புரட்டினாள். அங்கேயும் அப்படித்தான். ஒன்பது காட்சி, ஒன்பது வெள்ளைப் பக்கம்.

"யாரும் எழுதலம்மா," என்றாள் தாரணி. "சாரே பேசிடுவாரு. ஒரே டேக். நாங்க ப்ராம்ப்ட் பண்றதில்ல. முதல்ல நெட்ல இருந்து யாரோ ஒரு பொண்ணு படத்த மாட்டினோம். சாருக்கு ஒரு வார்த்தை வரல. மறுநாள் அவரே இதக் கொண்டு வந்து குடுத்தாரு."

மௌரீன் கணவரைப் பார்த்தாள். அவர் தன் மேக்கப் பெட்டியை எடுத்து வந்து திறந்தார். நாடகக்காரர்கள் பெட்டியை இன்னொருவர் தொடக் கூடாது என்பார்கள். வீட்டில் அவள் துடைக்காத ஒரே சாமான் அது. மூடியின் உட்புறம் இடது பக்கத்தில் பழுப்பேறிய பசைத் தடம், உள்ளங்கை அளவு சதுரம்.

"தொண்ணூத்தி மூணுல இருந்து இங்கதான் இருந்துச்சு," என்றார். "நீ மேடை ஓரம் விங்ல நிக்கும்போது எடுத்தது. கையில பிரதி இருக்கும், பெரிசு பண்ணும்போது அத வெட்டிட்டாங்க. நீ வராம போனதும் மேடையில எனக்கு வசனம் நிக்கல மௌரீன். இடது பக்கம் பெட்டியத் திறந்து வச்சுட்டுப் போவேன்."

இப்போதுதான் ஷெர்வின் சொன்னார், எல்லா டைரக்டரும் ரெமிஜியஸ் சாரிடம் ஒரே குறைதான் சொல்வார்கள் என்று. சார், பார்வை லெஃப்ட்டுக்குப் போகுது. பேசுவதற்கு முன்னால் அரை நொடி. அதனாலேயே பெரிய வேஷங்கள் தவறிப்போயிருக்கின்றன. படம் இடது சுவரில் இருந்த இந்த சீரியலில்தான் அந்தப் பார்வை சரியான இடத்தில் விழுந்தது.

"அன்னைக்குக் கல்லறையிலயும் இடது பக்கம் பார்த்தேன்," என்றார் ரெமிஜியஸ். "நீ இல்ல. வார்த்தை போயிருச்சு. வாய்க்கு வந்த பேரச் சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா நீ ஈரத் தரையில உக்காந்திருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

மௌரீனின் கை படத்தின் சட்டத்தை இறுக்கியது. இளகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"அடுத்த ரூம்லதானே இருந்தேன். இருபத்து மூணு வருஷம் அடுத்த ரூம்ல."

"எழுதிக் குடுத்தா எதையும் சொல்லிருவேன். எனக்குன்னு சொல்ல ஒண்ணும் வர்றதில்ல."

"வந்துச்சே. நான் செத்ததும் வந்துச்சே."

அவர் தலை குனிந்தது. லைட்மேன் ஒருவர் சும்மா நிற்க முடியாமல் ஒரு விளக்கை அணைத்தார்.

"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு," என்றாள் மௌரீன். "டேக் ஓகே. ஆனா அது சங்கரப்பா பொண்டாட்டிக்கு. எனக்கு இல்ல. எந்த இடத்துல என் பேர விட்டீங்களோ அந்த இடத்துல சொல்லுங்க. யாரு முன்னாடி விட்டீங்களோ அவங்க முன்னாடி சொல்லுங்க. ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருது."

மாலையையும் சிவப்பு பல்பையும் தாரணியிடம் கொடுத்தாள். படத்தைக் கக்கத்தில் இடுக்கினாள். ஷெர்வின் சுவரைப் பார்த்தார். தொண்ணூற்றாறு எபிசோட் லைட் பட்டுச் சுற்றிலும் பெயின்ட் மங்கி, படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று ஒரு நீள்சதுரமாக இருந்தது. நடுவில் ஆணி.

"சார்," என்றாள் மௌரீன். "கதையில சங்கரப்பா மருமக கோவத்துல படத்தத் தூக்கிட்டுப் போயிட்டான்னு வச்சுக்கங்க. இவர் ஆணிகிட்டப் பேசட்டும். அது நடக்கலன்னா, அதுக்கும் நான் பொறுப்பில்ல."

போகத் திரும்பியவள் ஒரு நொடி நின்றாள். ரெமிஜியஸின் சட்டை மேல் பட்டனைத் திறந்துவிட்டாள். "போன சீன்ல இது திறந்திருந்துச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. காலையில் நோட்டு எழுதப்பட்டது, இட்லி வெந்தது. கோபத்தோடு செய்த இட்லியும் இட்லிதான். ஆணியோடு பேசிய காட்சியைப் பற்றி ரெமிஜியஸ் ஒன்றும் சொல்லவில்லை. சோஃபியாதான் சொன்னாள், அதையும் வைத்துக்கொண்டார்கள், சங்கரப்பா பிழைத்துவிட்டார் என்று.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள், ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் தோட்டத்தில் தேர் நாள் போலக் கூட்டம். குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவி, சாமந்திப் பூ பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் கல்லறையைச் சுற்றி வழக்கம்போல் சொந்தக்காரர்கள் இருபது பேர். பிரிஸில்லாவுக்கு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனதும் எல்லோரும் கலையத் தொடங்கினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ரெமிஜியஸ்.

அது அவருடைய மேடைக் குரல் இல்லை. சற்றுக் கரகரத்திருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருபத்து மூணு வருஷம் முன்னாடி இங்க நின்னு நன்றி சொன்னேன். அத முடிக்கல."

வலது தோள் ஏறியது. கண் இடது பக்கம் போயிற்று. அங்கே மௌரீன் இல்லை. அவர் எங்கே தேடுவார் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே நிற்கவில்லை. கல்லறைக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க அவள் உதடு துடித்தது. கடித்துக்கொண்டாள். இதை அவராகத்தான் எடுக்க வேண்டும்.

அவர் கண் இடது பக்கத்திலிருந்து மெதுவாகத் திரும்பி நேராக வந்தது. அவள் மேல் நின்றது.

"மௌரீன்," என்றார்.

பிறகு தடுமாறித் தடுமாறி வந்தது. ஒன்பது வருடம் என்றார், அலாரம் என்றார், ஒரு புண் வரவில்லை என்றார். வேலையை விட்டதைச் சொன்னார், மேடையை விட்டதைச் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் வாக்கியம் முடியாமல் தொங்கியது. அழக் கூடாத இடத்தில் அழுதார். நடிப்பு என்று பார்த்தால் மோசம்தான். "அம்மாவப் பார்த்துக்கிட்டது இவதான். வேற யாரும் இல்ல... நானும் இல்ல."

பிரிஸில்லா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. கல்லறையைச் சுற்றிக்கொண்டு வந்து மௌரீன் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கு அவன் என் பேரச் சொன்னப்ப, இல்ல, அவதான்னு நான் சொல்லியிருக்கணும்," என்றாள். "எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

மௌரீன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பிரிஸில்லா திரும்பி நடக்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நாற்காலி வரை கூட்டிப் போய் உட்கார வைத்தாள். ஒன்பது வருடப் பழக்கம், ஆளைத் தாங்கும்போது கை தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

ரெமிஜியஸ் இன்னும் அங்கேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மௌரீன் அவர் பக்கத்தில் போய் நின்றாள். இடது பக்கம்.

"நடுவுல ரெண்டு இடத்துல விட்டீங்க," என்றாள்.

"எடுத்துக் குடுத்திருக்கலாமே."

"குடுத்திருக்கலாம்." அவள் குனிந்து, காற்றில் சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி, அடியில் மெழுகை உருக்கி ஒட்ட வைத்தாள். "அப்புறம் அதுவும் என் நோட்டுல இருந்து வந்ததா ஆயிருக்கும்."